எட்டாம் வகுப்புப் பெண் தோளில் மூட்டை வைத்து உட்கார்ந்து எழலாமா?

கேள்வி: 12 ஜூன் 2025
(காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு அப்பா)

என் மகளுக்குப் பதிமூன்று வயது, கபடி ஆடுகிறாள். பள்ளிக்குப் புதிதாக வந்த பி.டி. டீச்சர் தோளில் மணல் மூட்டையை வைத்து உட்கார்ந்து எழச் சொல்கிறாராம். இதைக் கேட்டதிலிருந்து என் அம்மா வீட்டில் ஒரே ரகளை. வயசுக்கு வந்த பிள்ளை பாரம் தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும், வளர்த்தியும் நின்றுவிடும் என்கிறார். போன வருஷம் என் மச்சான் மகளுக்கு வாலிபாலில் முட்டி ஜவ்வு கிழிந்து ஆட்டமே போய்விட்டது. அதனால் எனக்கும் பயம்தான். டீச்சரிடம் போய் நிறுத்தச் சொல்லலாமா?

12 ஜூன், இரவு 10.40

நிறுத்தச் சொல்லாதீர்கள் அண்ணா. மூட்டை எத்தனை கிலோ, டீச்சர் பக்கத்தில் நின்று பார்க்கிறாரா, இந்த இரண்டை மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள். ஐந்து முதல் எட்டு கிலோ, அதுவும் டீச்சர் கண் முன்னால்தான் என்றால் உங்கள் மகளுக்கு நல்ல டீச்சர் வாய்த்திருக்கிறார்.

நான் பாலக்கோடு பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பதினோரு வருஷமாக உடற்கல்வி ஆசிரியை. அதற்கு முன்பு வாலிபால் ஆடினேன், இடது முட்டியில் ஆபரேஷன் தழும்பு இருக்கிறது. அந்தக் கதை நாளைக்கு. ஆனால் பாட்டி சொன்னதற்குப் பதில் சொல்லிவிட்டே தூங்கப் போகிறேன்.

வளர்த்தி நிற்காது. எலும்பு நுனியில் இருக்கும் வளரும் குருத்துக்கு அடிபட்ட சம்பவங்கள் உண்டு. அவை பெரும்பாலும் பெரியவர்கள் யாரும் இல்லாத நேரத்தில், தன்னால் எவ்வளவு முடியும் என்று பார்க்கப் பெரிய எடையைத் தூக்கியபோதோ, கை நழுவிக் கீழே போட்டபோதோ நடந்தவை. சரியாகச் சொல்லிக்கொடுத்து, அளவாக எடை ஏற்றினால் பிள்ளைகளின் உயரம் குறையாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாதமியே சொல்லிவிட்டது. கணக்காகவும் பாருங்கள். நாற்பது கிலோ பெண் ஒன்றரை முழ உயரத்திலிருந்து குதித்து இறங்கினால், அந்த நொடியில் காலில் வந்து விழும் விசை உடல் எடையைப் போல மூன்று மடங்கு, சில சமயம் நான்கு மடங்கு. 120 கிலோவிலிருந்து 160 கிலோ. கபடியிலும் வாலிபாலிலும் இது எத்தனை தடவை நடக்கிறது! எட்டு கிலோ மூட்டையோடு நிதானமாக உட்கார்ந்து எழுவதற்கு மட்டும் பயப்படுகிறோம்.

கர்ப்பப்பை இறங்குவதற்குப் பெரும் காரணங்கள் பிரசவங்களும் வயதும். நல்ல ஊட்டமில்லாமல் பெற்று, பெற்ற சில நாளிலேயே வயலில் இறங்கியவர்களைப் பாட்டி தன் காலத்தில் பார்த்திருப்பார். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. அதனால் அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், குடத்தைக் காட்டிப் பேசுங்கள். பதினைந்து லிட்டர் குடம் பதினைந்து கிலோ. பேத்தி அதை ஒரு பக்க இடுப்பில் வைத்து, உடம்பை வளைத்துக்கொண்டு தெருக்குழாயிலிருந்து வீடு வரை வருகிறாள்.

13 ஜூன், மாலை

சொன்ன கதை. 2006, எனக்குப் பதினேழு, பிளஸ் டூ. கிருஷ்ணகிரியில் மேட்ச். மூன்றாவது செட்டில் இடது ஓரத்திலிருந்து ஸ்மாஷ் அடித்தேன், பந்து பிளாக்கில் பட்டு வலது பக்கம் பறந்தது. நான் இன்னும் காற்றில் இருக்கிறேன், தலையும் தோளும் பந்தைத் தேடித் திரும்பிவிட்டன, இடது கால் மட்டும் தரைக்கு வந்தது, முட்டி மடங்காமல் ஏறக்குறைய நேராக. ‘டப்’ என்று ஒரு சத்தம். காதில் கேட்டதா உடம்புக்குள் கேட்டதா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. யாரும் என்னை இடிக்கவில்லை, தள்ளவில்லை. ஒரு மணி நேரத்தில் முட்டி உரித்த தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

கட்டு போடுபவரிடம் கூட்டிப்போனார்கள். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது, சரியாகிவிட்டது என்று நினைத்து ஆடப் போனேன். முட்டி கழன்று நழுவியது. மறுபடி ஓய்வு, மறுபடி ஆட்டம், மறுபடி நழுவல். மூன்றாவது தடவை டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது. இரண்டு வருஷம் கழித்து ஸ்கேன் எடுத்தபோதுதான் முட்டிக்குள் முன்பக்கம் குறுக்காக ஓடும் ஜவ்வு முழுக்க அறுந்திருப்பது தெரிந்தது. டாக்டர்கள் ஏ.சி.எல். என்பார்கள். அதற்குள் எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் இன்னொரு ஜவ்வும் நைந்துபோயிருந்தது. இருபது வயதில் ஆபரேஷன்.

அடிபட்ட அன்று மைதானத்தில் ஒரு பெரியவர் சொன்னது: “பொம்பளப் புள்ளைங்க முட்டி இப்படித்தாம்மா.” அதை ரொம்ப வருஷம் நம்பினேன். டீச்சராக வந்து முதல் வருஷம் என் மாணவிக்கும் அதே கால், அதே மாதிரி. அன்றைக்குத்தான் உறைத்தது. ஆறு வருஷம் எனக்குக் குதிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், தினமும் நூறு நூற்றைம்பது தடவை குதித்தேன். இறங்க ஒரு நாள்கூட யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

15 ஜூன், காலை

“இறங்குவதில் என்ன கற்றுக்கொள்ள இருக்கிறது” என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இன்று ஞாயிறு, நேரம் இருக்கிறது, நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வராந்தாவில் ஓரடி உயரத்தில் ஒரு சிமெண்ட் திண்ணை உண்டு. புதிதாக அணிக்கு வரும் பிள்ளையை அதன் மேல் நிற்க வைத்து, கீழே இறங்கியவுடன் மேலே எவ்வளவு முடியுமோ அவ்வளவு குதி என்பேன். வேறு எதுவும் சொல்ல மாட்டேன். நான் எதிரில் பத்தடி தள்ளித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வேன், என் கண் அவள் முட்டி உயரத்துக்கு வர வேண்டும்.

முதலில் காதுதான் வேலை செய்யும். ‘தொப்’ என்று சத்தம் வந்தால், அடியை வாங்க வேண்டிய தசை வாங்கவில்லை, எலும்பும் ஜவ்வும் வாங்கிக்கொண்டன என்று அர்த்தம். அப்புறம் முட்டி. பாதம் இருக்கிற இடத்தில் இருக்கும், முட்டி இரண்டும் ஒன்றையொன்று பார்த்து உள்ளே போகும், ஒரு கணம்தான், உடனே வெளியே வந்துவிடும். மூன்றாவது, எவ்வளவு மடங்குகிறது. நிறையப் பிள்ளைகள் முட்டியை லேசாக மடக்கி, இடுப்பை மடக்காமல், விறைப்பாக இறங்குவார்கள். நான்காவது, இரண்டு காலும் ஒன்றாக இறங்குகிறதா, ஒன்று முந்துகிறதா. கடைசியாக, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது.

விறைப்பாக இறங்கினால் என்ன? அந்த ஜவ்வின் வேலை கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்து வைப்பது. முட்டி நேராக இருக்கும்போது முன்தொடைத் தசை அந்த எலும்பை முன்னால் இழுக்கிறது. பின்தொடைத் தசை பின்னால் இழுத்துப் பிடித்து ஜவ்வுக்குத் துணை நிற்க வேண்டும், ஆனால் முட்டி கொஞ்சமாவது மடங்கியிருந்தால்தான் அதற்குப் பிடி கிடைக்கும். நேர் முட்டி, உள்ளே சாய்ந்த முட்டி, ஒற்றைக் கால், திரும்பிய உடம்பு, இவை ஒரே நேரத்தில் சேர்ந்தால் ஜவ்வு தனியாக மாட்டிக்கொள்கிறது. கால் தரையில் பட்டு ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் அறுந்துவிடும். யோசித்துத் திருத்திக்கொள்ள நேரமே கிடையாது. உடம்புக்கு ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இது பையன்களைவிட இரண்டு மடங்கிலிருந்து எட்டு மடங்கு வரை அதிகம் என்று ஆட்டத்துக்கு ஆட்டம் கணக்கு மாறும். பெண்களுக்கு இடுப்பு அகலம் என்பதால் தொடை எலும்பு சாய்ந்து வருகிறது, அதுதான் காரணம்.

15 ஜூன், மதியம்

போனில் எடுக்க நினைப்பவர்களுக்கு: நேர் எதிரில், முட்டி உயரத்தில், மெதுவாக ஓடும் வீடியோவாக எடுங்கள். மேலிருந்து எடுத்தால் முட்டி எந்தப் பக்கம் போகிறது என்று சரியாகத் தெரியாது.

21 ஜூன்

போன வாரம் இடுப்பு அகலம்தான் காரணம் என்று எழுதினேன். அது தப்பு, திருத்துகிறேன். எனக்குப் படிக்கும்போது அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அப்படியே ஒப்பித்துவிட்டேன். இடுப்பு அளவை வைத்து யாருக்கு ஜவ்வு போகும் என்று பார்த்த ஆய்வுகள் உருப்படியாக எதையும் காட்டவில்லை. இடுப்பை நாம் மாற்றவும் முடியாது. அதைக் காரணமாகச் சொன்னால் அந்தப் பெரியவர் சொன்ன இடத்துக்கே நானும் போய்விடுகிறேன்.

பத்து வயதில் பையன் பெண் இருவரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இறங்குகிறார்கள். வித்தியாசம் பன்னிரண்டு பதிமூன்றுக்கு மேல்தான் தெரிகிறது. பையனுக்கு உயரம் கூடும்போதே ஆண் சுரப்பு தசையையும் கூட்டித் தருகிறது. பெண்ணுக்குக் கால் எலும்பு நீள்கிறது, எடை கூடுகிறது, உடம்பின் கனம் தரையிலிருந்து மேலே போகிறது, தசை அந்த வேகத்தில் தானாக வருவதில்லை. எங்கள் பக்கம் தக்காளிக்குக் குச்சி ஊன்றுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். செடி இடுப்பளவு வந்துவிட்டது, காய் பிடித்துவிட்டது, ஊன்றிய குச்சி நாற்று வைத்தபோது வைத்ததுதான். அந்த வயதில்தான் பிள்ளைகளுக்குத் தசையைப் பயிற்சியால் கொடுக்க வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் சரியாக அதே வயதில்தான் “வயசுக்கு வந்துட்டா, இனி குதிக்காதே” என்கிறோம்.

மாதவிலக்கு நாட்கள் காரணமா என்று கேட்ட தங்கைக்கு: ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அந்த நாட்களில் ஆட முடிந்தால் ஆடலாம், வலி இருந்தால் உட்காரலாம். என் பிள்ளைகளிடம் காரணம் கேட்க மாட்டேன், கை காட்டினால் போதும்.

6 ஜூலை

என்னென்ன செய்ய வைக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எங்களிடம் ஜிம் இல்லை. அரிசிச் சாக்கை இரட்டையாக்கி ஆற்று மணல் நிரப்பிய மூட்டைகள் ஐந்து, எட்டு, பத்து, பன்னிரண்டு கிலோ. பஞ்சாயத்து போர்டு ஐயா தந்த பழைய லாரி டயர் ஒன்று. அந்தத் திண்ணை. வாரத்தில் மூன்று நாள், ஆட்டம் தொடங்கும் முன் இருபது நிமிஷம், களைத்த பிறகு அல்ல.

முதல் மாதம் எடையே இல்லை. உட்கார்ந்து எழுவது, ஒற்றைக் காலில் நிற்பது, திண்ணையிலிருந்து இறங்கி அப்படியே மூன்று எண்ணும் வரை அசையாமல் நிற்பது. இந்த மூன்று எண்ணுவது இருக்கிறதே, அதிலேயே பாதிப் பேர் தடுமாறுவார்கள். அப்புறம் மூட்டையை நெஞ்சோடு கட்டிப் பிடித்து உட்காரச் சொல்வேன். தோளில் வைப்பதைவிட முன்னால் பிடித்தால் முதுகு தானாக நேராகும். எட்டு தடவை உட்கார்ந்து எழுந்த பிறகு இன்னும் இரண்டு மூன்று முடியும் என்ற தெம்பு மிச்சம் இருக்க வேண்டும், அந்த அளவுதான் எடை. இரண்டு வாரம் சுலபமாகப் போனால் அடுத்த மூட்டை. எழும்போது மூச்சை விடச் சொல்லுங்கள்.

பின்தொடைக்கு: ஒருத்தி மண்டி போட, இன்னொருத்தி பின்னால் அவள் கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். மண்டி போட்டவள் முதுகை வளைக்காமல் மெதுவாக முன்னால் சாய்ந்து, இனி முடியாது என்னும்போது கை ஊன்றிக்கொள்ள வேண்டும். நார்டிக் என்பார்கள். முதல் நாள் மூன்று தடவை போதும். ஆர்வத்தில் பத்து செய்துவிட்டு மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் அழுத பிள்ளைகள் உண்டு. இதோடு பக்கவாட்டில் முழங்கை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிப்பது, குதிகால் உயர்த்துவது, வேகமாக ஓடி வந்து மூன்று சின்ன அடியில் நிற்பது. கபடிப் பிள்ளைகளுக்கு இந்தக் கடைசி ஒன்று உயிர். போனஸ் கோட்டில் ஒரு காலைத் தூக்கி மறு காலில் திரும்புகிற கணத்தில்தான் முட்டி போகிறது, எதிராளி தொடுவதற்கு முன்பே.

இதெல்லாம் நானே கண்டுபிடித்தது இல்லை. ஃபிஃபாவின் பதினொன்று பிளஸ் என்ற இருபது நிமிஷப் பயிற்சியும் ஸ்வீடனின் முட்டிப் பயிற்சியும் அடிப்படை. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள 1,892 பெண்களிடம் முதலாவதைச் செய்து பார்த்து 2008ல் வெளியிட்டார்கள், மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஸ்வீடனில் 4,564 பெண்கள், 2012ல் வெளிவந்தது, ஜவ்வுக் காயம் 64 சதவீதம் குறைந்தது.

9 ஜூலை

64 சதவீதத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு “நூறு பேரில் 64 பேர் முட்டி தப்பிக்குமாம்” என்று வாட்ஸ்அப்பில் யாரோ சுற்றவிட்டிருக்கிறார்கள், கீழே என் பெயரையும் போட்டு. அப்படி இல்லை. பயிற்சி செய்த 2,479 பேரில் ஏழு பேருக்கு ஜவ்வு போனது, செய்யாத 2,085 பேரில் பதினான்கு பேருக்கு. நூற்றுக்குப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒருவருக்கும் குறைவு. ஓர் அணியின் டீச்சர் தன் கண்ணால் வித்தியாசத்தைப் பார்த்துவிட முடியாது. நம் மாவட்டத்துப் பள்ளிகள் எல்லாம் செய்தால், ஒவ்வொரு வருஷமும் சில பிள்ளைகள் ஆபரேஷன் டேபிளுக்குப் போகாமல் இருப்பார்கள், அவர்கள் யார் என்று நமக்குத் தெரியவே தெரியாது.

19 ஜூலை, இரவு

குறுவட்டப் போட்டி முடிந்து இப்போதுதான் வீடு வந்தேன். தோற்றோம், அது பரவாயில்லை. வேறு ஒன்று மனதை அறுக்கிறது.

ஜூனில் திண்ணைச் சோதனை வைத்தபோது முட்டி ரொம்ப உள்ளே போகிற நான்கு பேரைத் தனியாகக் கூப்பிட்டு, உங்களுக்குத்தான் ஆபத்து, கவனமாக இருங்கள் என்று சொல்லியிருந்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இன்று அந்த நால்வரில் ஒருத்தி, நல்ல ரைடர், பாடிப் போகிறாள், கோட்டைத் தொடப் போகிறாள், சட்டென்று நின்று தன் முட்டியைக் குனிந்து பார்க்கிறாள். மேட்ச் நடுவில்! பிடித்துவிட்டார்கள். வெளியே வந்து “மிஸ், உள்ளே போச்சான்னு பார்த்தேன்” என்றாள்.

2005ல் ஓர் அமெரிக்க ஆய்வு, 205 பெண்கள், அதில் ஜவ்வு போன ஒன்பது பேருக்கும் முட்டி மற்றவர்களைவிட எட்டு டிகிரி கூடுதலாக உள்ளே சாய்ந்தது என்றது. அதை வைத்துத்தான் நான் பிரித்தேன். ஆனால் 2016ல் நார்வேக்காரர்கள் முதல்தர ஆட்டக்காரிகள் 710 பேரை இதே மாதிரி குதிக்க வைத்து அளந்து, பிறகு வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 42 பேருக்கு ஜவ்வு போனது. குதித்ததை வைத்து அந்த 42 பேரை முன்கூட்டியே பிரித்துச் சொல்ல முடியவில்லை. நன்றாக இறங்கியவளுக்கும் போனது, மோசமாக இறங்கியவள் ஆடிக்கொண்டே இருந்தாள். இது தெரிந்தும் நான் நான்கு பிள்ளைகளுக்கு நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி அடையாளம் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை நால்வரிடமும் பேசப் போகிறேன். பயிற்சி எல்லோருக்கும் ஒன்றுதான், யாருக்கும் தனிப்பட்ட ஆபத்து என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

22 ஜூலை

பேசினேன். இனி “முட்டியை உள்ளே விடாதே” என்ற வார்த்தையையே எடுத்துவிட்டேன். முட்டியைப் பற்றிப் பேசினால் பிள்ளை முட்டியையே நினைக்கிறாள், உடம்பு கட்டைபோல ஆகிவிடுகிறது. இப்போது சொல்வது “பூனை மாதிரி இறங்கு, எனக்குச் சத்தம் கேட்கக் கூடாது”. எழும்போது “தரையைத் தள்ளு”. நேற்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் திண்ணையிலிருந்து இறங்கினார்கள், நான் கண்ணை மூடிக்கொண்டு திரும்பி நின்றேன், சத்தம் கேட்டால் கை தூக்குவேன். ஒருத்தி இறங்கியது எனக்குத் தெரியவே இல்லை, இறங்கிவிட்டுத் தோளைத் தொட்டாள். அவளுடைய முட்டியும் உள்ளே சாயவில்லையாம், பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சொன்னார்கள்.

3 ஆகஸ்ட்

ஆடிப் பதினெட்டு. ஒகேனக்கல் போகும் பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிகிறது, வீட்டில்தான் இருக்கிறேன்.

பென்னாகரத்திலிருந்து ஓர் அம்மா கேட்டது முக்கியமானது. மகளுக்குச் சும்மா நிற்கும்போதே முட்டிகள் ஒட்டுகின்றன, கணுக்கால்கள் தள்ளி நிற்கின்றன, இந்தப் பயிற்சியால் நேராகுமா?

அம்மா, இது வேறு. நான் இதுவரை எழுதியது குதிக்கும்போது ஒரு கணம் உள்ளே போய் வரும் முட்டியைப் பற்றி, அது தசையும் பழக்கமும் சம்பந்தப்பட்டது. நிற்கும்போதே அப்படி இருந்தால் எலும்பு பற்றிய விஷயம். மூன்று நான்கு வயதில் எல்லாக் குழந்தைக்கும் கொஞ்சம் இருக்கும், ஏழு எட்டு வயதுக்குள் சரியாகிவிடும். அதற்கு மேலும் இருந்தால், முட்டிகள் தொட நிற்க வைத்துக் கணுக்கால்களுக்கு நடுவில் ஸ்கேலை வையுங்கள். எட்டு செ.மீ.க்கு மேல் என்றால் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள். வளர்ச்சி முடிவதற்குள் போனால் எலும்பின் ஒரு பக்கம் சின்ன பிளேட் வைத்து, வளர வளர நேராகும்படி செய்ய வழி இருக்கிறது. வளர்ச்சி நின்றபின் எலும்பை வெட்டித்தான் திருத்த முடியும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நம் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அளவு, நம் ஊர்கள் பலவற்றில் அதைத் தாண்டியது. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013ல் திறந்தார்கள். பல்லில் பழுப்புக் கோடு விழுவதை எல்லோரும் பார்த்திருப்போம், எலும்பும் பாதிக்கும். ஃப்ளோரைடு மிகுந்த ஆந்திர கிராமங்களில் பிள்ளைகளின் முட்டிகள் இப்படி ஒட்டுவதை ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து விஞ்ஞானிகள் 1973லேயே எழுதிவிட்டார்கள். காவிரித் தண்ணீர் குழாயில் வராத நாளில் பழைய போர்வெல்லுக்குப் போகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. குளிக்க, துவைக்க அது போதும், குடிக்கவும் சமைக்கவும் பிள்ளைகளுக்கு அதைத் தராதீர்கள். கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது.

24 ஆகஸ்ட்

காலையில் பயிற்சிக்கு வந்த பத்தாம் வகுப்புப் பெண் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். சாப்பிட்டாயா என்றேன். முந்தின நாள் மதியம் பள்ளியில் சாப்பிட்டது, இரவு டீயும் பன்னும். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, அதிகமாக வளர்கிற வயதுப் பிள்ளைகள் அதற்கு வெளியே இருக்கிறார்கள். தசையைக் கட்டு என்று மூட்டையைக் கொடுக்கிறோம், கட்டுவதற்குப் பொருள் வேண்டாமா?

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒன்று தரும் இரும்புச் சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக வீசாமல் விழுங்க வையுங்கள், அதோடு டீ குடிக்க வேண்டாம். நம்மிடம் ராகி இருக்கிறது, நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்குமேல் கால்சியம். களியும் கீரைக் கடைசலும் கொள்ளும் முட்டையும் ஒழுங்காகக் கிடைத்தால் டப்பா பவுடர் எதுவும் தேவையில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஆட்டத்துக்கு முன் நானும் இரண்டு டீச்சர்களும் சேர்ந்து வேர்க்கடலை உருண்டை வாங்கி வைக்கிறோம்.

இன்னொன்று, அம்மாக்களுக்கு. ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் போனால், “ஆடுகிறாள், அதனால்தான்” என்று விட்டுவிடாதீர்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடவில்லை என்று உடம்பு சொல்கிறது, எலும்பு மெலியத் தொடங்கிவிடும். டாக்டரிடம் காட்டுங்கள்.

25 ஆகஸ்ட்

நேற்று எழுதத் தயங்கியதை இன்று எழுதிவிடுகிறேன். பிள்ளைகள் விறைப்பாக இறங்குவதற்குத் தசை மட்டும் காரணமில்லை. மார்பு குலுங்குகிறது, எதிரில் பையன்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் தோளைக் குறுக்கி, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு குதிக்கிறார்கள். கையை வீசாமல் நல்ல ஆட்டக்காரியும் சரியாக இறங்க முடியாது. சரியான ஸ்போர்ட்ஸ் பிரா போட்ட வாரத்தில் ஒரு பிள்ளையின் குதிப்பே மாறியதைப் பார்த்தேன். துப்பட்டாவை இறுக்கிக் கட்டி அனுப்பாதீர்கள், மூச்சு முட்டும். குதிக்கும்போது ஒரு சொட்டு சிறுநீர் கசிகிறது என்று சொல்லவும் பிள்ளைகள் வெட்கப்படுவார்கள். குதிக்கிற ஆட்டக்காரிகளிடம் அது அடிக்கடி காண்பது, சிறுநீரை அடக்கப் பிடிக்கிற இடுப்படித் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். அதற்காக ஆட்டத்தை விட வேண்டாம்.

14 செப்டம்பர்

பக்கத்து டவுனில் ஜிம்மில் சேர்க்கலாமா? பெண் பயிற்சியாளர் இருந்து, முதல் நாளே “மேக்ஸ் எவ்வளவு போடுவே” என்று கேட்காத இடமென்றால் சேர்க்கலாம். கால் நீட்டும் மெஷினில் உட்கார வைத்து அனுப்பிவிடுகிற இடம் வேண்டாம். பளுதூக்கும் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் மொத்தம் 202 கிலோ தூக்கினார், பன்னிரண்டு வயதிலேயே தொடங்கியவர். பாரம் தூக்கியதால்தான் அவர் குட்டை என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை.

5 அக்டோபர்

காரிமங்கலம் அண்ணாவின் மச்சான் மகளுக்கு. கேள்வியில் நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன அந்தப் பெண் எனக்கே எழுதியிருந்தாள், அவள் அனுமதியோடு பதிலை இங்கே போடுகிறேன்.

ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம், வலி இல்லை, ஓடுகிறேன், நவம்பரில் ஆடலாமா என்கிறாள். வேண்டாம் பாப்பா. வைத்த புது நார் முட்டிக்குள் வேர்பிடித்து உரம் பெற மாதக்கணக்கில் ஆகும், வலி போவது அதற்கு ரொம்ப முன்பே நடந்துவிடும். ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதி பாதியாகக் குறைகிறது என்று நார்வேயில் கணக்கெடுத்திருக்கிறார்கள். நாள் மட்டும் போதாது. ஒற்றைக் காலில் தாவி அளந்து பார், அடிபட்ட கால் நல்ல காலின் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது போக வேண்டும். மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 2016 ரியோ ஒலிம்பிக்கில் முட்டி போய் ஸ்ட்ரெச்சரில் வெளியேறினார், 2023ல் மறுபடி ஆபரேஷன், 2024 பாரிஸில் இறுதிப் போட்டி வரை போனார். உன் வீட்டில் “கால் போச்சு, இனி கல்யாணத்தைப் பார்க்கலாம்” என்று பேச்சு நடப்பதாக எழுதியிருந்தாய். அம்மா நம்பரைக் கொடு, நான் பேசுகிறேன். பதினெட்டு ஆகவில்லை என்பதையும் சேர்த்தே பேசுகிறேன்.

எல்லோருக்கும்: ‘டப்’ சத்தம், இரண்டு மூன்று மணி நேரத்தில் வீக்கம், இந்த இரண்டும் சேர்ந்தால் ஜவ்வு என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஐஸ், துணிக்கட்டு, காலை உயர்த்தி வைப்பது, எலும்பு டாக்டர். எண்ணெய் போட்டு உருவாதீர்கள். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால், ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது என்று சொல்லி எம்.ஆர்.ஐ. கேளுங்கள்.

12 அக்டோபர்

அவள் அம்மாவிடம் பேசிவிட்டேன். ஒரு மணி நேரம். மாப்பிள்ளை பார்ப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பிசியோவுக்கு வாரம் இரண்டு நாள் கிருஷ்ணகிரி போகிறாள், பஸ் பாஸ் இருக்கிறது.

9 நவம்பர்

காரிமங்கலம் அண்ணா மறுபடி வந்திருக்கிறார். ஜூனில் கதவுச் சட்டத்தில் கோடு போட்டு வைத்தாராம், பாட்டிக்குக் காட்டுவதற்காக. ஐந்து மாதத்தில் இரண்டரை செ.மீ. ஏறியிருக்கிறது. பாட்டி கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம்.

எட்டிலிருந்து பத்து கிலோவுக்குப் போகலாமா என்று கேட்கிறார். போகலாம் அண்ணா, ஆனால் எட்டு கிலோவில் பத்து தடவை முதுகு வளையாமல், குதிகால் தூக்காமல் எழுகிறாளா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். அரையாண்டுப் பரீட்சை வாரத்தில் ஏற்ற வேண்டாம், தூக்கம் குறைகிற வாரம் அது. மணலை வெயிலில் நன்றாகக் காய வைத்துக் கொட்டுங்கள். எங்கள் பத்து கிலோ மூட்டை ஈர மணலில் பன்னிரண்டரை இருந்தது, தராசில் போட்டபோதுதான் தெரிந்தது. வாயைச் சணலில் இரட்டை முடிச்சாகக் கட்டுங்கள்.